மாரிக்கு இனி யார் கேலிக்கில் பதில் சொல்வது?

இஞ்சாருங்கோ ரோரி,

எங்கள் ஊர்ப் பெண்கள் புருஷனை இப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று கலியாணமான புதிதில் பகிடியாகச் சொல்லித் தந்தேன். நீங்கள் அதைப் பிடித்துக்கொண்டு என்னையே அப்படிக் கூப்பிடத் தொடங்கினீர்கள். மீன் கடையில், ரெயினில், அண்ணை வீட்டுப் பந்தியில், எல்லார் முன்னாலும். எத்தனை தரம் வெட்கப்பட்டிருக்கிறேன். இன்றைக்கு நான் கூப்பிடுகிறேன், ஒருக்கால் திரும்பிப் பாருங்கள்.

நீங்கள் போய் ஒரு வருஷம், உங்கள் ஆட்டைத் திவசம் வருகிறது. அண்ணை வழமைப்படி நினைவு மலர் அடிக்கிறார். "தேவாரம் போடுவம், படம் போடுவம், நீ ஒரு பக்கம் நாலு நல்ல வார்த்தை எழுதித் தா பிள்ளை" என்றார். கேப் பிரெட்டன் கத்தோலிக்கருக்குத் தேவாரம் போடுகிற மலர், பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள். ஆனால் நாலு நல்ல வார்த்தை எனக்கு வரவில்லை. உங்களோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது, அதைத்தான் எழுதப் போகிறேன். சொந்தக்காரர் வாசித்தால் வாசிக்கட்டும்.

வழக்கு இதுதான். மகளுக்கு ஒரு மொழியைக் கொடுத்தீர்கள். அதைப் பேசுவதற்கு அவளுக்கு வேறு ஒருவரும் இல்லாதபோது போய்விட்டீர்கள். அந்த மொழி அவளிடமிருந்து என் கண் முன்னாலேயே போய்க்கொண்டிருக்கிறது. அதைப் பிடித்து நிறுத்த எனக்கு வழி தெரியவில்லை ரோரி.

இதை வாசிக்கப் போகிறவர்களில் பாதிப் பேருக்கு நீங்கள் 'வதனியின்ர வெள்ளைக்காரன்'. லிப்ட் திருத்துகிறவர், புட்டும் மீன்குழம்பும் கையால் குழைத்துச் சாப்பிடுவார், அதற்கு மேல் தெரியாது. நீங்கள் உங்கள் அப்பாவோடு ஒருநாளும் ஆங்கிலம் பேசியதில்லை என்பது அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது? பல தலைமுறைக்கு முன்னர் ஸ்கொட்லாந்திலிருந்து கப்பலேறி, இந்த நாட்டின் கிழக்குக் கரையில் இருக்கிற கேப் பிரெட்டன் தீவுக்கு வந்தவர்கள் கூடவே கொண்டுவந்த பேச்சு, கேலிக். அதைப் பள்ளிக்கூடத்தில் பேசியதற்காக உங்கள் அப்பாவுக்குக் கையில் அடி விழுந்த கதையை நாங்கள் சந்தித்த புதிதில் சொன்னீர்கள். மொழியால் அடிபட்ட கதை எங்கள் வீட்டிலும் இருந்தது. அன்றைக்குத்தான் எனக்கு உங்களில் விருப்பம் வந்தது என்று நினைக்கிறேன்.

பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே பேசி முடிவெடுத்தோம். அவளோடு நான் தமிழ், நீங்கள் கேலிக், நம் இரண்டு பேருக்கும் பொதுவில் ஆங்கிலம். மாரி என்று பெயர் வைத்தோம். உங்கள் பக்கத்தில் மேரிக்குக் கேலிக்கில் மாரிதான், ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. என் பக்கத்தில் மட்டும், "இந்தக் காலத்தில ஆர் பிள்ளைக்கு மாரி எண்டு பேர் வைக்கிறது?" என்று ஒரு மாதம் கதைத்தார்கள்.

அவள் உங்களோடு சண்டை பிடித்தது எல்லாம் கேலிக்கில்தான். காலைக் கஞ்சிக்குச் சீனி போதாது என்று சண்டை, சப்பாத்து இறுக்குது என்று சண்டை. நீங்கள் வாசலில் நின்று "க்ரெஸ் ஓர்ஷ்ட்" என்று கத்துவீர்கள், கெதியாய் வா, நேரமாகுது என்று. ஓம் என்பதற்குப் பதிலாக உங்கள் ஊர்க்காரர் போல மூச்சை உள்ளே இழுத்து ஒரு சத்தம் போடுவீர்கள். அண்ணை முதன்முதலில் அதைக் கேட்டுவிட்டு, "அவருக்கு ஆஸ்மாவோ?" என்று என்னைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டார். மாரியும் அப்படித்தான் மூச்சிழுப்பாள். வீட்டில் இரண்டு ஆஸ்மாக்காரர் என்று நான் நக்கலடிப்பேன்.

அப்புறம் ஒரு காலை வேலைக்குப் போனீர்கள், வரவில்லை. நெஞ்சு நின்றுவிட்டது என்றார்கள். அதைப் பற்றி நான் எழுத மாட்டேன்.

முதல் சில மாதம் மாரி பொம்மைகளோடு கேலிக் பேசினாள். நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு சொல்லும் விளங்காவிட்டாலும் அந்தச் சத்தம் வீட்டில் இருக்கிறது என்று ஒரு நிம்மதி. பிறகு பொம்மைகளும் ஆங்கிலம் பேசத் தொடங்கின. ஒருநாள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அம்மா, இதுக்கு டாடி என்ன சொல்லுறவர்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது ரோரி. இத்தனை வருஷம் உங்களோடு ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறேன், கரண்டிக்கு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று தெரியவில்லை.

உங்கள் தம்பிக்குப் போன் அடித்தேன். அவர் அல்பேர்ட்டாவில் வேலையிடத்தில் நின்றார். கேட்டால் கொஞ்சம் விளங்கும், பேச வராது என்றார். அப்பா மூத்த மகனோடு மட்டும்தான் அதைப் பேசினாராம். மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார், பாவம். உங்கள் ஊரில் தெரிந்தவர்களின் பெயர் கேட்டேன். அவர் சொன்ன இரண்டு பேரும் செத்துப்போய்விட்டார்கள்.

அதோடு நான் கைபேசியைத் தூக்கினேன். கேலிக் படிப்பிக்கிற செயலி ஒன்று இருந்தது. படம் காட்டும், சொல் சொல்லும், நாங்கள் திருப்பிச் சொன்னால் நட்சத்திரம் தரும். ஸ்காபரோவில், வோபர்னில் எங்கள் வீட்டுச் சோபாவில் மாரியை மடியில் இருத்திக்கொண்டு தொடங்கினேன். முதல் நாளே அவள் முகத்தைச் சுளித்தாள். "டாடி இப்பிடிச் சொல்ல மாட்டார்" என்றாள். அந்தச் செயலியில் பேசியது ஸ்கொட்லாந்துக் குரல், உங்களுடையது தீவுப் பேச்சு. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு மதுரைத் தமிழ் படிப்பிக்கிற மாதிரி என்று எனக்கே விளங்கியது. ஆனால் எனக்கு வேறு என்ன இருந்தது? "வாயை மூடிக்கொண்டு சொல்லு" என்றேன். வாயை மூடிக்கொண்டு எப்படிச் சொல்வது என்று பிள்ளை திருப்பிக் கேட்டாள்.

ஒரு கேள்விக்கு அவள் உங்களைப் போல மூச்சை உள்ளே இழுத்தாள். செயலி, சத்தமாகப் பேசவும் என்றது. திரும்பவும் இழுத்தாள். திரும்பவும், சத்தமாகப் பேசவும். அதற்குப் பிறகு அவள் அப்படிச் செய்வதை விட்டுவிட்டாள். செயலிக்கு முன்னால் மட்டும் இல்லை, என்னோடும் விட்டுவிட்டாள்.

பிறகு இணைய வகுப்பு. ஸ்கொட்லாந்தில் ஏதோ ஒரு தீவில் இருந்துகொண்டு கேட்டி என்ற இளம் ரீச்சர் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறா. எங்களுக்குக் காலைச் சாப்பாட்டு நேரம், அவவுக்கு மத்தியானம். திரையில் பெட்டி பெட்டியாகப் பிள்ளைகள் இருக்கும், ஒன்று நாயோடு, ஒன்று வாய் நிறையப் பாணோடு. மாரி கமராவை நிறுத்திவிட்டு மேசையில் தலையை வைத்துக்கொள்வாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? மேசைக்குக் கீழே புகுந்து படுத்துக்கொண்டு விடையை மெல்லச் சொல்லிக் கொடுத்தேன். ஒருநாள் கேட்டி ரீச்சர் சிரித்துக்கொண்டு, கீழே இருக்கிற அம்மாவும் மேலே வரலாம் என்றா. தலையை மேசையில் இடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அண்ணைக்கு இது ஒன்றும் பிடிக்கவில்லை. "தமிழே ஒழுங்காய் எழுத வராத பிள்ளைக்கு உது என்னத்துக்கடி? உதைப் பேசி அவள் ஆரோட கதைக்கப் போறாள்?" என்று அஜக்ஸிலிருந்து போன் எடுத்துக் கேட்டார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "நாங்கள் இஞ்ச வந்து தமிழ்ப் பள்ளிக்கூடம் துவங்கேக்க வெள்ளைக்காரன் உங்களிட்ட உப்பிடிக் கேட்டவனோ அண்ணை?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகு அழுதேன். அவர் கேட்டதில் பாதி சரி. ஆரோடு கதைக்கப் போகிறாள்?

இனி நான் செய்த கூத்தைச் சொல்ல வேண்டும். தவணை முடிவில் கேட்டி ரீச்சர் ஒரு ஒன்றுகூடல் வைத்தா. ஒவ்வொரு பிள்ளையும் தனக்குப் பிடித்த ஒன்றைக் காட்டி இரண்டு வசனம் பேசினால் போதும் என்றா. இரண்டு வசனமாம்! ஸ்காபரோவில் ஒரு தமிழ் அம்மாவிடம் போய், உங்கள் பிள்ளை மேடையில் இரண்டு வசனம் பேசினால் போதும் என்று சொல்லிப் பாருங்கள். எங்களுக்குப் பிள்ளை வாய் திறப்பது என்றால் பேச்சுப் போட்டிதான். நானும் சின்ன வயதில் அப்படித்தான் கோப்பை வாங்கினேன்.

'என் தந்தையின் மொழி' என்று தமிழில் பேச்சு எழுதினேன். மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, ஆசிரியர்களே, என்னைப் போன்ற சிறுவர்களே என்று தொடங்கி ஒரு முழுப் பேச்சு. இணையத்தில் மொழிபெயர்க்கும் கருவியில் போட்டுக் கேலிக் ஆக்கினேன். அந்தக் கருவியையே அதை வாசிக்க வைத்து, அந்தக் குரலைக் கேட்கக் கேட்க மாரியைப் பாடமாக்க வைத்தேன். பள்ளிக்கூடத்தால் வந்ததும் பாடம், குளிக்கும்போது பாடம், காரில் பாடம். எங்கே குரலை உயர்த்த வேண்டும், எங்கே விரலை நீட்ட வேண்டும் என்று காட்டிக் கொடுத்தேன். அப்பா என்ற சொல் வரும் இடத்தில் கையை நெஞ்சில் வைக்கச் சொன்னேன். அவள் ஒவ்வொரு தரமும் தவறாமல் வைத்தாள்.

அன்றைக்குப் பட்டுப் பாவாடை கட்டி, பொட்டு வைத்து, கணினிக்கு முன்னால் நிற்கவைத்தேன். மற்றப் பிள்ளைகள் பூனையைத் தூக்கிக் காட்டினார்கள், ரப்பர்ச் சப்பாத்தைக் காட்டினார்கள், ஒரு பொடியன் விழுந்த பல்லைக் காட்டினான். இரண்டு வசனம் சொன்னார்கள், மறந்துபோய்ச் சிரித்தார்கள். எங்கள் முறை வந்தது. மாரி ஒரு சொல்லும் விடாமல் பேசினாள். விரலை நீட்டினாள், குரலை உயர்த்தினாள், கையை நெஞ்சில் வைத்தாள். முடித்ததும் கும்பிட்டாள். திரையில் ஒருவரும் அசையவில்லை. நான் பெருமையில் பூரித்துப்போய்ப் பக்கத்தில் நின்றேன்.

கேட்டி ரீச்சர் நன்றி சொல்லிவிட்டு, அன்பாக, கேலிக்கில் சின்னதாக ஒன்று கேட்டா. எனக்குக்கூட விளங்கிய கேள்வி. செயலியின் முதல் பாடத்தில் வருவது. எப்படி இருக்கிறாய் என்று.

மாரி ரீச்சரைப் பார்த்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அம்மா, தட்ஸ் நொட் இன் மை ஸ்பீச்" என்றாள். அது என் பேச்சில் இல்லையே அம்மா என்று.

ரோரி, காலை எழும்பினால் நீங்கள் முதலில் கேட்பது அதைத்தானே? பல்லு விளக்காமல், கண்ணைக் கசக்கிக்கொண்டு உங்களுக்கு எத்தனை விதமாகப் பதில் சொல்லியிருப்பாள்? அதே பிள்ளை பட்டுப் பாவாடையோடு நின்று, அது பாடத்தில் இல்லை என்கிறாள். நான் கணினியை மூடிவிட்டேன். ரீச்சருக்கு நன்றிகூடச் சொல்லவில்லை.

அவள் பாவாடையை மாற்றவில்லை. குசினிக் கதிரையில் இருந்தாள். கோபப்படாமல்தான் கேட்டேன் என்று நினைக்கிறேன். ஏனம்மா பதில் சொல்லவில்லை, உனக்குத் தெரியும்தானே என்று.

"நான் சொன்னா எல்லாரும் வெரி குட் எண்டு சொல்லீனம்" என்றாள். "டாடி ஒருநாளும் வெரி குட் சொல்லேல்லை அம்மா. ஐ ஆஸ்க்ட் ஃபோர் பட்டர், ஹி ஜஸ்ட் கேவ் மீ த பட்டர்."

பட்டர் கேட்டால் நீங்கள் பட்டர் கொடுத்தீர்கள். அவ்வளவுதான் அவளுக்கு அந்த மொழி. நான் அதற்கு நட்சத்திரம் கொடுத்தேன், கை தட்டினேன், புள்ளி போட்டேன். கேலிக்கை நான் ரியூசன் ஆக்கிவிட்டேன் ரோரி. எங்கள் சனத்துக்குப் பிள்ளையில் அன்பு வந்தால் முதலில் ரியூசனுக்குத்தான் அனுப்புவோம், வேறு என்ன தெரியும்? நன்மை செய்கிறேன் என்று நினைத்து, மிச்சம் இருந்ததையும் நானே துரத்தினேனோ என்று இப்போது பயமாக இருக்கிறது. நீங்கள் இருந்தால் என்னை ஏசியிருப்பீர்களா, சிரித்திருப்பீர்களா?

அன்றோடு மாரியின் வகுப்பை நிறுத்தினேன். செயலியையும் அழித்தேன். கேட்டி ரீச்சருக்கு எழுதி, பெரியவர்களுக்கான ஆரம்ப வகுப்பில் என்னைச் சேர்க்கச் சொன்னேன். யாராவது அவளுக்குப் பட்டரை எடுத்துக் கொடுக்க வேண்டுமே. மருந்துக் கடையில் வேலை முடித்து வந்து, காதில் கருவியை மாட்டிப் பாடத்தைக் கேட்டுக்கொண்டு சோறு வடிக்கிறேன், பாத்திரம் கழுவுகிறேன், வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே. அஜின்கோர்ட்டில் மரக்கறிக் கடைக்காரர் ஒருநாள், "அக்கா, ஏதும் மந்திரமோ?" என்று கேட்டார். மேசையில் நான் மாரியிடம் கேலிக்கில் உப்புக் கேட்பேன், தண்ணீர் கேட்பேன். கேட்கிற விதத்தில் உங்கள் ஊர்க்காரர் ஓடி ஒளிந்துகொள்வார்கள். மாரி தமிழில், "இந்தாங்கோ" என்று தருவாள். சில நாள் அதுவும் இல்லை, பேசாமல் தள்ளிவிடுவாள். நான் வற்புறுத்துவதில்லை. வற்புறுத்திய லட்சணம் போதும்.

இனிப் போன கிழமை நடந்ததைச் சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

மலர் விஷயமாக அண்ணை வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். 401 நெடுஞ்சாலையில் வாகனம் நெருக்கியடித்தது. பனி பெய்யத் தொடங்கியிருந்தது, கண்ணாடியில் துடைப்பான் ஓடிக்கொண்டிருந்தது. மாரி பின்னால் இருந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் வழியைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன், ஒன்றும் கேட்கவில்லை.

அவள் பேசினாள். கேலிக்கில். ஒரு சொல் இல்லை ரோரி, முழு வசனம், நீள வசனம். பாடம் ஒப்புவிக்கிற குரல் இல்லை. உங்களோடு காரில் வரும்போது எதையாவது கண்டால் சும்மா சொல்வாளே, அந்தக் குரல். முடிவில் குரல் மேலே போனது. அது ஒரு கேள்வி. என்னிடம் கேட்டாள். இத்தனை மாதத்தில் முதல் தடவை, என்னிடம்.

எனக்கு விளங்கவில்லை.

பனி என்ற சொல் மட்டும் பிடிபட்டது. மற்றதெல்லாம் உங்கள் தீவுப் பேச்சு, வேகமாக, சொல்லோடு சொல் ஒட்டிக்கொண்டு வந்தது. எந்த வகுப்பிலும் அப்படி ஒருவரும் பேசிக் கேட்டதில்லை. ஸ்ரியரிங்கை இறுக்கிப் பிடித்தேன். பெரிய லொறி ஒன்று பக்கத்தில் வந்தது. "என்னம்மா? என்ன கேட்டனீ? இன்னொருக்காச் சொல்லு" என்றேன்.

கண்ணாடியில் பார்த்தேன். அவள் முகம் என் பக்கம் இல்லை.

"நெவர் மைன்ட், அம்மா" என்றாள்.

பரவாயில்லையாம். அந்தச் சாலையில் நிறுத்த முடியுமா? அஜக்ஸ் வரைக்கும் அந்தச் சத்தத்தை வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு ஓட்டினேன், தவறிவிடக் கூடாது என்று. அண்ணை வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும் கைபேசியை எடுத்து, ஞாபகம் இருந்ததைச் சொல்லிப் பதிந்து, கேட்டி ரீச்சருக்கு அனுப்பினேன். அவ பலதரம் கேட்டுப் பார்த்துவிட்டுப் பதில் எழுதினா. மன்னிக்க வேண்டும், நீங்கள் சொல்வது எந்தச் சொல் என்று என்னால் பிடிக்க முடியவில்லை என்று. குளிருக்குள் நின்று அதை வாசித்தேன். அண்ணை ஓடிவந்து, "என்னடி, ஆர் செத்தது?" என்று கேட்டார். நான் சொன்னதை நின்று கேட்டார். உள்ளே போய்த் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார்.

மாரியிடம் பிறகும் கேட்டேன். மறந்துபோச்சு என்கிறாள். உண்மையாக மறந்தாளோ, எனக்குச் சொல்லிப் பிரயோசனமில்லை என்று நினைத்தாளோ தெரியாது. அவள் என்ன கேட்டிருப்பாள்? பனியைப் பற்றியா, உங்களைப் பற்றியா? உங்களுக்கு அந்த ஒரு வசனம் கேட்டிருந்தால், அங்கே இருந்தாவது பதில் சொல்லிவிடுங்கள். எனக்குச் சொல்ல வேண்டாம், அவளுக்குச் சொல்லுங்கள்.

எனக்குத் தெரிகிறது, நான் எவ்வளவு படித்தாலும் அவளுக்கு உங்கள் கேலிக் வராது. வந்தால் என் கேலிக்தான் வரும், தட்டுத் தடுமாறி, யாழ்ப்பாணத்து நாக்கோடு. அதைக் கேட்க உங்களுக்குப் பொறுக்குமோ என்று தெரியாது. பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். போனது நீங்கள், இருப்பது நான்.

இப்போது தீவில் உங்கள் ஊர்க் கிழவர்கள் பேசியதைப் பதிந்து இணையத்தில் போட்டிருக்கும் பழைய குரல்களைத் தேடிப் பிடித்துக் கேட்கிறேன். பாதி விளங்காது, திருப்பித் திருப்பிப் போடுகிறேன். சத்தியமாகச் சொல்கிறேன் ரோரி, இதை நான் விட மாட்டேன். அவள் இன்னொரு முறை கேட்பாளோ, கேட்கவே மாட்டாளோ தெரியாது. கேட்டால், திரும்பச் சொல்லு என்று நான் சொல்ல மாட்டேன். அன்றைக்கு அவள் வாயில் பரவாயில்லை என்ற சொல் வரவிட மாட்டேன்.

மாரியின் அம்மா,
உங்கள் மனைவி
வதனி